எண்ணூறு கணவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டில் கிடைத்தது. பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பல் பிடுங்குவார்கள். ஆறாவது மாடியில் என்ன பிடுங்குவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற பெண் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியவனுக்கு அடுத்தவர் பேச்சில் அக்கறை இருக்காது என்று நினைத்திருப்பாள் போல. கன்னம் வேறு, காது வேறு.

"இல்லங்க. உங்களைப் பாதியாத்தான் எடுத்துக்குவாங்க. எல்லாரையும் அப்படித்தான்."

மறுமுனை ஏதோ சொன்னது. அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் முகம் உடனே பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

ஐந்தாவது மாடி வந்தது, கதவு திறந்து மூடியது. நான் இறங்கவில்லை. ஆறாவது மாடியில் அவள் நுழைந்த கதவுக்கு மேலே பலகை: 'புதிய மத்திய ரயில் நிலையம், நிதி ஏற்பாட்டுப் பிரிவு'. ரயில் நிலையத்துக்கும் ஒரு மனிதனைப் பாதியாக எடுத்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

யோசித்தால், ரயில் நிலையக் கதைகள் எல்லாமே ஒரு பெரிய சலுகையை எடுத்துக்கொள்கின்றன: நிலையம் ஏற்கெனவே கட்டி முடித்திருக்கிறது. யாரோ கையசைக்கிறார்கள், யாரோ ஓடிவந்து வண்டியைத் தவறவிடுகிறார்கள், இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் நின்று அழுகிறார்கள். அந்தத் தூணுக்கு யார் பணம் கொடுத்தது என்று எந்தக் கதாசிரியரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அப்படி மூன்று பேரை அழவைத்திருக்கிறேன், தூண் செலவில்லாமல்.

இந்தக் கதையில் நிலையம் இல்லை. நகரத்தின் நடுவில் தகரத் தடுப்பு அடைத்த வெறும் நிலம் இருக்கிறது. ஆகையால் இதில் யாரும் யாரையும் வழியனுப்ப முடியாது. வரவேற்கவும் முடியாது. காத்திருக்கலாம். அதற்கு நடைமேடை தேவையில்லை.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டி—'

வேண்டாம். மழை பெய்தால் எழுத்தாளருக்கு வேலை குறைகிறது. கதைகளில் இவ்வளவு மழை பெய்வதற்குக் காரணம் அதுதான், பருவநிலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு நகரத்தின் இதயம் என்பது அதன் ரயில் நிலை—'

இதை எழுதிய கையை இன்னொரு கையால் தட்டிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: 'நீண்டகாலக் கடனுக்கான வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் முதன்மையா—'

நீங்கள் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். எனக்கும் வந்தது.

நான்காவது: 'அவளை அலுவலகத்தில் சல்லடை என்று கூப்பிடுவார்கள்.'

இது இருக்கட்டும்.

3

அவளை அலுவலகத்தில் சல்லடை என்று கூப்பிடுவார்கள். அவள் மேசையைத் தாண்டி ஒரு எண் வெளியே போக வேண்டுமானால் அது சலிக்கப்பட்டுத்தான் போகும். புதிய நிலையத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், எதற்காக வருவார்கள் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. நிலையமே இல்லாதபோது அதற்கு வருகிறவர்களை எண்ணுவது கொஞ்சம் என் தொழில் மாதிரிதான். அவளுக்குச் சம்பளம் வருகிறது, அதுதான் வித்தியாசம்.

[பணம் எப்படிக் கிடைக்கிறது என்பது எனக்குப் புரியாமல், இதே மாதிரி வேலையில் இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டு மேசையில் மூன்று தீப்பெட்டிகளை வைத்தார். "இங்க பாருங்க அத்தான். இது அரசாங்கம் தர்ற பணம். இது நிலையத்துக்கு மேல கட்டடம் கட்டி வாடகைக்கு விடறதுல வர்ற பணம். இது வங்கிங்க சேந்து தர்ற கடன். முதல் ரெண்டும் எப்பவும் பத்தாது. மூணாவது வரணும்னா, ஜனங்க வருவாங்கன்னு வங்கி நம்பணும். வங்கிக்குச் செங்கல் மேல நம்பிக்கை கிடையாது. கால் மேலதான் நம்பிக்கை." பிறகு மூன்றாவது தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது என்னுடைய தீப்பெட்டி.]

வரைபடத்தில் நிலையம் இரண்டு தளமாக இருந்தது. மேல்தளத்தில் ஆறு நடைமேடைகள். அவற்றைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு வரும். கீழ்த்தளத்தில் இரண்டு. அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கம் போய், வடக்கே இருக்கும் கண்ணாடித் தொழிற்சாலை ஊருக்குப் போகிற தண்டவாளத்தோடு சேரும். இப்போது அந்தத் தண்டவாளம் ஆற்றின் அக்கரையில் முட்டி நின்றுவிடுகிறது. இறங்கி, பாலத்தில் பேருந்து பிடித்து, நெரிசலில் ஊர்ந்து, இக்கரைக்கு வந்து சேர்வதற்குள் போன காரியம் மறந்துவிடும்.

கீழ்த்தளத்துக்குத்தான் செலவு அதிகம். பணம் இடிக்கும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, "கீழ்த்தளத்தை ரெண்டாம் கட்டத்துக்கு வெச்சுக்கலாமே" என்பார்கள். ரயில்வேயில் இரண்டாம் கட்டம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியூர் உறவினரிடம் 'இன்னொரு நாள் சாவகாசமா வர்றோம்' என்று சொல்வோமே, அந்த அர்த்தம்.

சல்லடையின் கணவர் அந்தக் கண்ணாடி ஊரில் இருந்தார்.

4

அவர் உலைப் பொறுப்பாளர். கண்ணாடி உலையை அணைக்கவே கூடாது. சூடு இறங்கினால் உள்ளே உருகிக் கிடப்பது இறுகி, உலையே பிளந்துவிடும். ஆகையால் அந்த ஊரில் எந்நேரமும் யாராவது ஒருவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வேலைக்கு நகரத்தில் இடமில்லை. அவள் வேலைக்கு அந்த ஊரில் இடமில்லை. அங்கே கட்டுவதற்கு ரயில் நிலையம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆன புதிதில், கொஞ்ச நாள் இப்படி இருப்போம் என்று ஆரம்பித்தது. அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது ஏழு வயது.

மாதம் இரண்டு தடவை அவர் வருவார். வந்த நாளில் பாதி பேருந்தில் போய்விடும், மீதியில் பாதி தூக்கத்தில் போய்விடும். இரண்டு வீட்டுக்குமாக ஒரே ஒரு நகவெட்டி இருந்தது. அது எப்போதும் மற்ற வீட்டில் இருக்கும். இன்னொன்று வாங்கலாம். இன்னொன்று வாங்கினால் இரண்டு வீடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் இருவரும் வாங்கவில்லை. [இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன். கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததும் என் வேலைதான்.]

அவர் வேலை முடிந்து வெளியே வரும் நேரமும் அவள் பேருந்திலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும் நேரமும் ஒன்று. தினமும் கைப்பேசியில் பேசிக்கொண்டே போகும் அந்த நடைதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. ஒருநாள் அந்த நடையில் அவள் ஒரு வேலையையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு ஊர்களிலும் வீடு வீடாகக் கேட்பதற்காகக் கேள்விகள் தயாராகியிருந்தன. கணக்கெடுப்பவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும், பதில்கள் கணினியில் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று.

"வணக்கம். புதிய ரயில் நிலையத்துலேர்ந்து பேசறோம். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

"முடியாதுங்க. என் பொண்டாட்டி கூப்பிடற நேரம்."

"அவங்க இன்னைக்குக் கூப்பிட மாட்டாங்க. வேலையா இருக்காங்க."

"அப்படியா. அப்ப நீங்களே பேசுங்க. குரல் நல்லாத்தான் இருக்கு."

"தொழில்?"

"நெருப்பைத் தூங்க விடாம பாத்துக்கறது."

"உலைப் பொறுப்பாளர்னு போட்டுக்கறேன். நகரத்துல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா. ரொம்பக் கணக்குப் பாப்பா."

"உறவு மட்டும் சொன்னா போதும்."

"உறவைத்தான் சொன்னேன்."

"இப்போ மாசத்துல எத்தனை தடவை போறீங்க?"

"ரெண்டு. போன மாசம் ஒரு தடவை பாலம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன், வண்டி நகரல. அதைச் சேத்துக்கலாமா?"

அவள் நடை நின்றது. "எப்போ? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அது கேள்வில இருக்கா?"

"இல்ல."

"அப்ப அடுத்த கேள்விக்கு வாங்க மேடம்."

அவள் அடுத்த கேள்விக்கு வந்தாள். "நேரடி ரயில் இருந்தா மாசத்துல எத்தனை தடவை போவீங்க?"

"தினமும்."

"கொஞ்சம் யோசிச்சு—"

"தினமும்னு போடுங்க."

லிஃப்டுக்குள் நுழையும்போது அவள் விளக்கினாள்: ஜனங்கள் போவோம் என்று சொல்வதைக் கடன் கொடுப்பவர்கள் அப்படியே நம்புவதில்லை, வழக்கமாகப் பாதியைக் கழித்துவிடுவார்கள். அதைத்தான் நான் வீங்கிய கன்னத்தோடு கேட்டேன். மறுமுனை சொன்னதும் இப்போது எனக்குத் தெரியும்:

"பாதியா வந்தா எந்தப் பாதி வரும்னு கேட்டுச் சொல்லு. அதை மட்டும் துவைச்சு வெக்கறேன்."

5

பாதியைக் கழிக்கிறவரை எல்லோரும் கத்தரி என்று அழைத்தார்கள். வங்கிக் குழுவின் ஆலோசகர். நான் அவரை வில்லனாகத்தான் எழுத ஆரம்பித்தேன். பளபளக்கும் காலணி கொடுத்தேன், மெல்லிய உதடு கொடுத்தேன், தேநீரில் சர்க்கரையைக்கூட மறுக்க வைத்தேன். ஆனால் எழுத எழுத மனிதர் இருமத் தொடங்கிவிட்டார். கூட்டத்தின் நடுவில் சட்டைப் பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நீட்டுகிறார். இருமல் மிட்டாய் நீட்டுகிறவரை வைத்துக்கொண்டு எப்படி வில்லத்தனம் செய்வது? காலணியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவர் எல்லாப் பதில்களையும் பாதியாக வெட்டினார். வெட்டிய பிறகும் கீழ்த்தளம் பிழைத்துக்கொண்டது. மயிரிழையில்தான். காலை நேரத்தில் கண்ணாடி ஊரிலிருந்து நல்ல கூட்டம் வரும் என்று கணக்கு சொன்னது. இயக்குநர் அம்மாள் மேசையைத் தட்டி, "சல்லடை, உன் சுரங்கம் தப்பிச்சுது" என்றார். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

எல்லோரும் கைகுலுக்கினார்கள். சல்லடையும் குலுக்கினாள். குலுக்கும்போதே அவள் மனதில் ஒன்று உறுத்தியது: இது தேறியிருக்கக் கூடாதே.

6

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் தன் மேசைக்குப் போய், அந்தக் காலை நேரக் கூட்டம் யார் என்று பிரித்துப் பார்த்தாள்.

கண்ணாடி ஊரில் எல்லா ஆலைகளிலுமாக உலை வேலைக்காரர்கள் எண்ணூறு பேர். கணக்கெடுப்பவர்கள் பகலில் வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். பகலில் உலைக்காரர்கள் ஒன்று வேலையில் இருப்பார்கள், இல்லை தூங்குவார்கள். 'எழுப்ப முடியாதுங்க' என்று வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆக, எண்ணூறு பேரில் பதில் சொன்னவர் ஒரே ஒருவர். ஒருவர்தான் பதில் சொன்னார் என்றால், அவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அதன் மேல் குற்றமில்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அந்த ஒருவரின் தொழில்: உலைப் பொறுப்பாளர். நகரத்துக்குப் போக விரும்புவது: தினமும்.

சோதனைக்காகப் போட்ட பதில். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும். அவள் அழிக்கவில்லை.

[இந்த இடத்தில் மைத்துனர் குறுக்கிட்டார். "அப்படியெல்லாம் நடக்காது அத்தான். சோதனைப் பதிலை முதல் வேலையா அழிச்சுடுவோம்." எப்போதுமா என்று கேட்டேன். "எப்பவும்." உன் வாழ்க்கையில் ஒருமுறைகூட மறந்ததில்லையா? அவர் பேச்சை மாற்றி, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.]

மறந்துவிட்டாளா? மூன்று நாளாக நானும் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். எந்த எண்ணையும் சலிக்காமல் விடாதவள் அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படி விட்டாள்? 'தினமும்' என்று அவர் சொன்ன ஒரே இடம் அதுதான். அவள் அழிக்கப் போய், நாளைக்கு அழிக்கலாம் என்று— இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவள் கண்ணுக்கு அந்த ரயில் தெரிந்தது. கீழ்த்தளத்தில் வந்து நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன. எல்லாக் கதவிலிருந்தும் அவர் இறங்குகிறார். அதே வெளுத்த நீலச் சட்டை, புருவத்தில் அதே பொசுங்கிய இடம். எண்ணூறு பேர். கத்தரி வந்து பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறார். அப்படியும் நானூறு பேர் படியேறி வருகிறார்கள். ஒரு கணவர்கூடச் சரியாகக் கிடைக்காதவளுக்கு வங்கி நானூறு பேரை ஒதுக்கியிருந்தது.

மறுநாள் காலை நடையில் கேட்டாள்.

"அன்னைக்குத் தினமும்னு சொன்னீங்களே."

"யார்கிட்ட? அந்த நல்ல குரல்காரம்மாகிட்டயா?"

"நீங்க ஒரு ஆள் சொன்னதை எண்ணூறு பேர் சொன்னதா எடுத்துக்கிச்சு. அதனாலதான் சுரங்கமே தேறியிருக்கு."

"எண்ணூறு நானா? எல்லாருக்கும் போர்வை இருக்கா உன்கிட்ட?"

"விளையாடாதீங்க. அது நிஜமாச் சொன்னதா, சும்மாச் சொன்னதா?"

அவர் எங்கேயோ உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"நிஜத்தைக் கேக்கறியா, ஆசையைக் கேக்கறியா?"

"ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு."

"அப்ப அது உங்க ஆபீஸ் தப்பு." பிறகு சொன்னார்: "எட்டு மணி நேரம் உலை முன்னாடி நின்னுட்டு, தினமும் ரயிலேறி வந்து, மறுபடி போக முடியுமான்னு கேட்டா எனக்குத் தெரியலம்மா. ஆனா நீ கேட்டப்போ வேற பதிலே தோணல. இதை எழுதிக்க முடியுமா?"

"முடியாது. எண்ணாத்தான் எழுதணும்."

"அப்ப நீயே பாத்துப் போட்டுக்கோ."

அதுதான் அவளால் முடியாத ஒன்று.

7

முடிவுகள். என்னிடம் இருப்பதையெல்லாம் மேசையில் வைக்கிறேன்.

அ) அவள் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிறது. சில வருடங்களில் சுரங்கம் வருகிறது, ரயில் வருகிறது, கதவு திறக்கிறது, அவர் இறங்குகிறார். அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. பளிங்குத் தரையில் அவர் செருப்புச் சத்தம் மட்டும். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள், அவர் ஒவ்வொரு முறை வராமல் போகும்போதும் அவள் அவரைக் கடன் கொடுத்தவளைப் போலப் பார்ப்பாள் என்று தோன்றியது. ஒரு சுரங்கத்தையே சுமந்துகொண்டு எந்தக் கணவனும் வீட்டுக்கு வர முடியாது. கிழித்துவிட்டேன்.

ஆ) அவள் சத்தமில்லாமல் அந்தப் பதிலை அழிக்கிறாள். கீழ்த்தளம் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. அவர் பாலத்தில் பேருந்தில் உட்கார்ந்திரு— என் மனைவியிடம் படித்துக் காட்டப் போனேன். பாதியில் காகிதத்தை மடித்துவிட்டேன். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இ) அவர் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிடுகிறார். நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். நகரத்தில் அவர் என்ன செய்வார்? ஏதாவது கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நெருப்பைப் பார்த்துப் பழகிய கண் லிஃப்டின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு அவள் சம்மதிக்க மாட்டாள். கேட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நான் நான்காவது முடிவைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து கத்தரியின் அறைக்குப் போய்விட்டாள்.

8

கத்தரி முழுவதும் கேட்டார். இருமல் மிட்டாய் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல மேடம்."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே சார்."

"அதை எடுத்துட்டா கீழ்த்தளம் போயிடும். புரியுதா?"

"புரியுது."

"உங்க வீட்டுக்காரர் வர்ற வழியும் அதுதான்."

"அதுவும் புரியுது."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். தகரத் தடுப்புக்குள் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. "பாதியா வெட்டறேன்னு எல்லாரும் என்னைத் திட்டறாங்க. ஜனங்க பொய் சொல்றாங்கன்னு நான் வெட்டல. யாரும் பொய் சொல்றதில்ல. 'வர்றேன்'னு சொல்லும்போது அவங்க வந்துடறாங்க. அப்புறம்தான் வராம போறாங்க. எங்க அண்ணன் என்னைப் பாக்க வர்றேன்னு ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நிஜமாவே வர்றான் மேடம். எனக்கு அவன் குரல்ல தெரியும்."

அவர் சன்னலிலிருந்து திரும்பினார்.

"சரி, அதை எடுத்துடுங்க. ஆனா அந்த இடத்தைக் காலியா விட முடியாது. எண்ணூறு பேர் அங்க இருக்கறது நிஜம்தானே? அவங்களை யாரும் கேக்கல. போய்க் கேளுங்க. எண்ணிக்கை எது வந்தாலும் எடுத்துக்கறேன். பாதி வெட்டித்தான்."

"கையெழுத்து வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குச் செவ்வாய்."

கதவருகே அவள் திரும்பினாள். "அந்த எண்ணூறு பேர்ல அவரும் ஒருத்தர் சார். அவரைக் கேக்கலாமா?"

கத்தரி யோசித்தார். "தேடிப் போய்க் கேக்காதீங்க. முறைப்படி வந்து மாட்டினா, விடாதீங்க."

9

கண்ணாடி ஊரில், அவர் ஆலை வாசலில் காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது. மற்ற ஆலைகளின் வாசல்களில் கணக்கெடுப்பவர்களை நிறுத்திவிட்டு, இந்த வாசலை அவள் எடுத்துக்கொண்டாள். வேறு யாரையும் நம்பி விட மனமில்லை, தன்னை நம்பியும்தான். அதற்காகத்தான் ஒரு முறை வைத்துக்கொண்டாள். வருவதாக அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பதிலைத் தயார் செய்துவிடுவார்.

முறை எளிமையானது. வாசலைத் தாண்டுகிறவர்களை எண்ண வேண்டும். ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்திக் கேட்க வேண்டும். முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சிரிக்கிறவரைக் கேட்டால் ரயில் வரும், சிடுசிடுப்பவரைக் கேட்டால் வராது, அதனால்தான் எண்.

சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள்.

முதலில் நிறுத்தியவர், "எனக்கு அங்க யாரும் இல்லம்மா. ரயில் விட்டா யாராவது இருப்பாங்களா?" என்றார். அவள் பூஜ்யம் போட்டாள். அடுத்தவருக்கு மகள் அங்கே படிக்கிறாள். வாரம் ஒருமுறை என்றார், பிறகு, "அவ வேண்டாம்னு சொன்னாக்கூட" என்றார். அதற்கடுத்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமியார் அங்கதான் இருக்காங்க. ரயில் வரக்கூடாதுன்னு போட முடியுமா?" என்று கேட்டார். இன்னொருவர் மெதுவாக, மாதம் நான்கு என்றார்; எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. தேறும் போலவும் இருந்தது, தேறாது போலவும் இருந்தது. அவள் மனதுக்குள் கூட்டிப் பார்க்கவில்லை. முதல்முறையாகக் கூட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: "டேய், அண்ணி வந்திருக்காங்கடா." அவருடன் வேலை செய்கிறவர். முகமெல்லாம் வியர்வையும் பல்லுமாக வந்தார். "அண்ணி, என்னைக் கேளுங்க. நான் தினமும் வர்றேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"நீங்க மூணாவது ஆள். கேக்க முடியாது."

"மூணாவதாப் பொறந்ததுக்கு எங்க வீட்லயே எனக்கு ஒண்ணும் கிடைக்கல. இங்கயுமா?"

அவருக்குப் பின்னால், வாசலுக்கு உட்புறம், அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த நீலச் சட்டை. ஒரே ஒருவர். அவளைப் பார்த்துவிட்டார். அவள் எண்ணுவதையும் பார்த்துவிட்டார். எண்ணுகிறவளோடு ஏழு வருடம் வாழ்ந்தவருக்கு முறை புரிய எவ்வளவு நேரமாகும்? குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். ஐந்தாவதாக வருவதற்காகக் குனிந்தாரா, ஐந்தாவதாக வராமல் தப்பிக்கவா, கயிறு நிஜமாகவே அவிழ்ந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. [எனக்கும் தெரியாது. கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.]

யாரோ ஒருவர் தாண்டிப் போனார். நான்கு.

அவர் நிமிர்ந்தார், வந்தார், வாசலைத் தாண்டினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் சல்லடை. குரல் சரியாகத்தான் வந்தது. தொழில் கேட்டாள். சொன்னார். நகரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். "இருக்காங்க" என்றார். இந்த முறை விளையாடவில்லை. இப்போது மாதத்தில் எத்தனை தடவை? ரெண்டு. கூட்டம் இருவரையும் சுற்றிக்கொண்டு ஓடியது. அண்ணி என்று கூப்பிட்டவர் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றார்.

"நேரடி ரயில் இருந்தா மாசத்துல எத்தனை தடவை போவீங்க?"

கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவும் முறைதான். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கேட்கப்பட்டவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்டவரின் முகம் பதிலை எடுத்துக் கொடுத்துவிடும். அவர் அதை வாசித்து, அவளுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவார். அது பதில் ஆகாது. ஆகவே அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த முனை தொட்ட இடத்தில் மைப்புள்ளி பெரிதாவது எனக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் அவர் வாயில் ஒரு சொல்லை வைக்க முடியும். அது என் தொழில். காலையிலிருந்து இரண்டு சொற்களை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றைச் சொன்னால் சுரங்கம் ஒரு முழம் நகர்கிறது. இன்னொன்றைச் சொன்னால் அவர் உண்மை சொன்னவராகிறார். இரண்டும் ஒரே சொல்லாக இருக்கக்கூடும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எது வந்தாலும் அதில் அவளுக்கு வேண்டியது இருக்குமா என்று கேட்காதீர்கள். அவளுக்கு வேண்டியது, தான் தலை குனிந்திருக்கும்போது அவர் சொல்லப் போவது.

நானும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்தவர் நீங்கள். உங்கள் முகத்திலும் ஒரு பதில் ஓடுவது தெரிகிறது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

அவர் மூச்சை இழுத்துவிட்டார். சொல்லப் போகிறார்.